மேடையில் பொன்னாடை, கொல்லையில் பாக்கி

உங்கள் மேஜை டிராயரைத் திறந்து பாருங்கள். ரப்பர் பேண்டு போட்ட விசிட்டிங் கார்டு கட்டு ஒன்று கிடக்கும். அதில் எத்தனை பேருடைய முகம் ஞாபகம் இருக்கிறது? எத்தனை பேரிடம் நூறு ரூபாய்க்காவது வியாபாரம் செய்திருக்கிறீர்கள்?

பதில் சொல்ல வேண்டாம். என் டிராயரிலும் ஒரு கட்டு கிடக்கிறது.

2022 மார்ச் 31-ம் தேதியோடு, பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் போட்டிருந்த கொரோனா கட்டுப்பாடுகளை மத்திய அரசு விலக்கிக்கொண்டது. அதற்கு முந்தைய இரண்டு வருடத்தை நினைத்துப் பாருங்கள். கல்யாணத்துக்கு 50 பேர், அப்புறம் 100 பேர், மறுபடி 50 பேர் என்று அரசாங்கம் தலை எண்ணிக்கொண்டிருந்தது. தொழிலதிபர்கள் கம்ப்யூட்டர் திரையில் சின்னச் சின்னக் கட்டங்களுக்குள் உட்கார்ந்துகொண்டு, "சார், நீங்க மியூட்ல இருக்கீங்க" என்று மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

கட்டுப்பாடு விலகியதுதான் தாமதம். சென்னை, கோவை, திருச்சி, மதுரை, ஈரோடு என்று எந்த ஊரை எடுத்தாலும் நெட்வொர்க்கிங் மீட்டிங். காலை ஏழு மணிக்கு இட்லி வடையோடு ஒன்று, மாலை ஏழு மணிக்கு சூப்போடு ஒன்று. இன்றுவரை குறையவில்லை.

இந்தக் கூட்டங்களில் இரண்டு கோஷங்கள் தவறாமல் கேட்கும். 'உள்ளூர்த் தொழிலை உயர்த்துவோம்' என்பது ஒன்று. 'இது ஒரு பசுமை நிகழ்ச்சி' என்பது இன்னொன்று. இரண்டுமே நல்ல கோஷங்கள். எனக்கு இரண்டின் மீதும் வருத்தமில்லை. கோஷம் போடுகிறவர்கள் மேல்தான் வருத்தம்.

பச்சையை முதலில் பார்ப்போம்.

பின்னால் இருபது அடிக்கு ஃப்ளெக்ஸ். அதில் பூமி உருண்டை, அதன் மேல் ஒரு இலை. வாசலில் வெல்கம் கிட் என்று ஒரு பை கொடுப்பார்கள். தொட்டுப் பார்த்தால் துணி மாதிரியே இருக்கும். அது துணி இல்லை ஐயா, பாலிப்ரொப்பிலீன். கலப்படமில்லாத பிளாஸ்டிக். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட 14 பொருட்களின் பட்டியலில் இந்த 'நெய்யாத பை'யும் ஒன்று. டீ கொடுக்கிற பேப்பர் கப்பின் உள்பக்கத்தில் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருந்தால் அதுவும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. பட்டியலில் இல்லாதது சின்னத் தண்ணீர் பாட்டில். ஆகவே நாற்காலிக்கு ஒரு பாட்டில். இரண்டு மடக்கு குடித்துவிட்டு, எது யாருடையது என்று தெரியாமல் இன்னொன்றைத் திறப்போம். 250 பேர் கூட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைக்கு இரண்டு பாட்டில் என்றாலே 500. நீலகிரி மாவட்டத்தில் சின்ன பிளாஸ்டிக் பாட்டிலுக்கே தடை இருக்கிறது. அங்கே யாரும் தாகத்தால் மயங்கி விழவில்லை. தண்ணீர் கேனும் டம்ளரும் கண்டுபிடித்துப் பல காலமாகிறது.

கடைசியில் சிறப்பு விருந்தினருக்கு மரக்கன்று. அதைக் கருப்பு பிளாஸ்டிக் கவரோடு கொடுப்பார்கள். அவர் போட்டோவுக்குச் சிரித்துவிட்டு, காரில் மண் கொட்டும் என்று ஹாலிலேயே வைத்துவிட்டுப் போவார். கூட்டிப் பெருக்குகிற அம்மா அதைத் தன் வீட்டுக்கு எடுத்துப்போய் நட்டால்தான் உண்டு.

2021 டிசம்பரில் முதலமைச்சர் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கிவைத்தார். அப்புறம் பல மேடைகளில் மஞ்சப்பையும் ஏறியது. ஏறி என்ன பிரயோஜனம்? அதற்குள்ளே ஸ்பான்சர்களின் வழவழ நோட்டீஸ் பத்து, ஒரு பிளாஸ்டிக் பேனா, ஒரு சாவிக்கொத்து.

போகட்டும், குப்பையை விடுங்கள். அது கண்ணுக்குத் தெரிகிறது, யாராவது ஒருநாள் கூட்டிவிடலாம். கண்ணுக்குத் தெரியாத ஒன்று ஹாலின் பின்கதவுக்குப் பக்கத்தில் நிற்கிறது. அதுதான் இந்த வாரச் சமாச்சாரம்.

ஒரு கூட்டம் நடக்க யார் யார் வேண்டும்? மைக் செட்காரர், பந்தல்காரர், நாற்காலி வாடகைக்கு விடுகிறவர், சமையல் கான்ட்ராக்டர், பூக்காரர், பேனர் அடிக்கிற பிரஸ்காரர், போட்டோகிராபர், ஜெனரேட்டர் வைத்திருப்பவர். இவர்கள் எல்லாரும் யார்? அசல் உள்ளூர்த் தொழிலதிபர்கள். மேடையில் 'உள்ளூர்த் தொழிலை உயர்த்துவோம்' என்று முழங்குகிறார்களே, அந்த உள்ளூர்த் தொழில் மேடைக்குக் கீழே ஒயர் சுருட்டிக்கொண்டிருக்கிறது.

கொரோனாவில் முதலில் கடையைச் சாத்தி, கடைசியில் திறந்தவர்களும் இவர்கள்தான். மளிகைக் கடைக்கு நேரம் கொடுத்தார்கள். தொழிற்சாலைக்கு பாஸ் கொடுத்தார்கள். கூட்டமே கூடக்கூடாது என்றால் மைக் செட்காரர் என்ன செய்வார்? வாடகைப் பாத்திரக்காரர்களும் பந்தல்காரர்களும் ஒலி-ஒளி அமைப்பாளர்களும் கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனுவோடு நின்ற படங்களை நீங்கள் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். ஸ்பீக்கரை விற்று வாடகை கட்டியவர்கள் உண்டு. வேனை விற்று வட்டி கட்டியவர்கள் உண்டு.

கட்டுப்பாடு தளர்ந்தபோது இவர்கள் பிழைத்துக்கொள்வார்கள் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். ஆர்டர் வந்தது. பணம் வந்ததா?

கோவையில் ஒலி-ஒளி தொழில் செய்கிற நண்பர் ஒருவரிடம் கேட்டேன். ஒரு தொழில் அமைப்பின் பெரிய கூட்டத்துக்கு மைக், லைட், எல்.ஈ.டி. திரை எல்லாம் போட்டவர் அவர். கூட்டம் முடிந்து நாலு மாதம் ஆகியிருந்தது.

"அட்வான்ஸ் பத்தாயிரம் குடுத்தாங்கண்ணா. மீதி வரலீங்க. கேட்டா ட்ரெஷரர் ஊர்ல இல்லைங்கறாங்க, ஸ்பான்சர் பணம் வரலைங்கறாங்க."

"விடாமக் கேக்க வேண்டியதுதானே?"

"எப்படீங்கண்ணா கேக்கறது? அடுத்த மாசமும் ஒரு ஃபங்ஷன் வெச்சிருக்காங்க. நச்சரிச்சா வேற ஆளைப் போட்டுக்குவாங்க."

அந்த 'அடுத்த மாசம் ஒரு ஃபங்ஷன்' இருக்கிறதே, அதுதான் தூண்டில். பழைய பாக்கியை வசூலிக்க புது ஆர்டரைக் கடனுக்குச் செய்யவேண்டும். புது ஆர்டரின் பாக்கியை வசூலிக்க அதற்கடுத்த ஆர்டர். இதற்குப் பெயர் நெட்வொர்க்கிங் என்றால் மீன் வலையும் நெட்வொர்க்தான்.

பி.காம். படித்த பாவத்துக்கு ஒரு சின்னக் கணக்கு போடுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மைக் செட்காரர் 80,000 ரூபாய்க்கு பில் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஜி.எஸ்.டி. பதிவு இருந்தால் 18 சதவிகிதம், அதாவது 14,400 ரூபாய் வரி. மொத்தம் 94,400. மாதா மாதம் கணக்குத் தாக்கல் செய்பவர் என்றால், அந்த 14,400-ஐ அடுத்த மாதம் 20-ம் தேதிக்குள் அரசாங்கத்துக்குக் கட்டியாக வேண்டும். உங்களிடமிருந்து பணம் வந்ததா என்று அரசாங்கம் கேட்காது. பில் போட்டாயா, வரியைக் கட்டு. அவ்வளவுதான்.

ஆக, அவர் உங்களுக்கு வேலையும் செய்து, கடனும் கொடுத்து, உங்கள் வரியையும் முன்கூட்டிக் கட்டுகிறார். அந்தப் பணத்தை வெளியே ரெண்டு வட்டிக்குப் புரட்டினால் மாதம் 1,888 ரூபாய். நாலு மாதத்துக்கு 7,552. அந்த நிகழ்ச்சியில் அவர் பத்தாயிரம் ரூபாய் லாபம் வைத்திருந்தால், முக்கால் பங்கு வட்டிக்கே போச்சு. கூட்டத்துக்கு மெயின் ஸ்பான்சர் என்று பேனரில் யார் பெயரையோ போடுகிறார்கள். நியாயமாகப் பார்த்தால் மைக் செட்காரர் பெயரைத்தான் போடவேண்டும்.

'இதெல்லாம் பிசினஸில் சகஜம் சார்' என்பீர்கள். சகஜம்தான். சட்டப்படி தப்பு என்பதும் உண்மைதான்.

குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் 2006-ல் வந்தது. உதயம் பதிவு பெற்ற ஒரு குறு, சிறு நிறுவனத்திடம் நீங்கள் பொருளோ சேவையோ வாங்கினால், எழுத்தில் ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் 15 நாளுக்குள் பணம் தரவேண்டும். ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக்கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி. அதுவும் மாதா மாதம் கூட்டு வட்டி. புகார் செய்ய 2017-ல் 'சமாதான்' என்ற இணையதளம் வந்தது. பஞ்சாயத்துக்கு சென்னை, கோவை, மதுரை, திருச்சியில் மன்றங்கள் இருக்கின்றன.

இருந்து? புகார் கொடுத்த மறுநாள் அந்த வட்டாரத்தில் உங்களுக்கு ஆர்டர் கிடையாது. சட்டம் அவர் பக்கம் இருக்கிறது. சோறு எதிர்ப்பக்கம் இருக்கிறது.

அதனால்தான் அரசாங்கம் 2023 நிதிச் சட்டத்தில் வேறு வழியில் வந்தது. குறு, சிறு நிறுவனங்களுக்குக் கெடு தாண்டிப் பணம் கொடுத்தால், கொடுத்த வருடத்தில்தான் அதைச் செலவாகக் கழிக்கலாம் என்று வருமான வரி விதியை மாற்றியது. 2023-24 கணக்கு வருடத்துக்கே அது பொருந்தியது. பாக்கி வைத்தால் நம் வரி கூடும் என்றதும்தான் பலருக்கு சப்ளையர் ஞாபகமே வந்தது. உடனே என்ன நடந்தது? இந்த விதியைத் தள்ளிவையுங்கள் என்று சில வணிக அமைப்புகளே டெல்லிக்கு மனு கொடுத்தன. பெரிய கம்பெனிகள் சின்ன நிறுவனங்களை விட்டுவிட்டு வேறிடத்தில் வாங்கப் போய்விடும் என்று அதற்கு ஒரு காரணம் சொன்னார்கள். அந்தப் பயம் முழுப் பொய் இல்லை. ஆனால் அதன் அர்த்தத்தை யோசியுங்கள். 'தாமதமாகப் பணம் தரும் உரிமையைப் பறித்தால் உங்களிடம் வாங்கவே மாட்டோம்.' இதையா வியாபார உறவு என்கிறோம்?

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். தொழில் அமைப்புகள் எல்லாமே வெட்டி என்று சொல்லவில்லை. 2021 இரண்டாம் அலையில் ஆக்சிஜனுக்கும் படுக்கைக்கும் ஊர் அலைந்தபோது, பல ஊர்களில் முதலில் ஓடி வந்தவை இந்த அமைப்புகள்தான். ஒரு போன் காலில் லாரி வந்தது, கான்சென்ட்ரேட்டர் வந்தது. நேரில் பழகியிருந்ததால்தான் அது முடிந்தது. ஆள் ஆளைப் பார்த்துப் பேசுவதில் ஒரு நம்பிக்கை இருக்கிறது, அது கம்ப்யூட்டர் கட்டத்தில் வராது. எனவே கூட்டம் வேண்டாம் என்பது என் கட்சி இல்லை. எதற்காகக் கூடுகிறோம் என்பதை மறக்காதீர்கள் என்கிறேன்.

நட்சத்திர ஓட்டல்காரர்கள் கற்றுத்தர மறந்ததை நம் கிராமத்துக்காரர்கள் எப்போதோ கற்று வைத்திருக்கிறார்கள். பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கம் ஆடி மாதத்தில் போய்ப் பாருங்கள். மொய் விருந்து நடக்கும். ஒருவர் தனியாகச் செலவு செய்யாமல் பல பேர் சேர்ந்து ஒரே பந்தல், ஒரே சமையல். செலவைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். வாழை இலையில் கறிச்சோறு. சாப்பிட்டு வருகிறவர் மொய் எழுதுவார். பெயர், ஊர், தொகை எல்லாம் நோட்டில் ஏறும். அந்தப் பணத்தில் கடை வைப்பார்கள், போர் போடுவார்கள், பிள்ளையைப் படிக்க வைப்பார்கள். நாளைக்கு அவர் விருந்து வைக்கும்போது இவர் திருப்பிச் செய்யவேண்டும். செய்யாவிட்டால் ஊரில் தலை காட்ட முடியாது.

அதிலும் சிக்கல் உண்டு. திருப்பிச் செய்ய முடியாமல் கடனில் விழுந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்த நெட்வொர்க்கின் மூலதனம் என்ன என்று பாருங்கள். விசிட்டிங் கார்டு இல்லை, கணக்கு நோட்டு. வாங்கியதைத் திருப்பித் தருவான் என்கிற பேச்சு. அது இருந்தால் பவர்பாயிண்ட் தேவையில்லை.

வெளிநாட்டு உதாரணம் சொன்னால்தான் காது கொடுப்பீர்கள் என்றால் அதுவும் இருக்கிறது. 1905-ல் சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வக்கீல் மூன்று நண்பர்களோடு ஒரு சந்திப்பைத் தொடங்கினார். ஒவ்வொரு முறை ஒருவருடைய ஆபீஸில், சுழற்சி முறையில். அந்தச் சுழற்சியிலிருந்து வந்த பெயர்தான் ரோட்டரி. வாடகை ஹால் இல்லை, மேடை இல்லை, பொன்னாடை இல்லை. ஒருவருடைய தொழில் நடக்கும் இடத்தை இன்னொருவர் கண்ணால் பார்த்தார்கள். ஒரு பட்டறையை நேரில் பார்த்தால் தெரிந்துவிடும், இந்த ஆளை நம்பி ஆர்டர் கொடுக்கலாமா கூடாதா என்று. வழவழ கார்டைப் பார்த்தால் தெரியுமா?

பசுமைக்கும் ஒரு சர்வதேசத் தரம் உண்டு. ஐ.எஸ்.ஓ. 20121 என்று பெயர். லண்டன் ஒலிம்பிக்ஸ் நடந்த 2012-ல் வெளிவந்தது. குப்பையையும் கரண்டையும் மட்டும் பார்த்தால் போதாது, அந்த நிகழ்ச்சியைச் சுற்றியிருக்கும் மக்களையும் பொருளாதாரத்தையும் சேர்த்துப் பார்க்கவேண்டும் என்பது அதன் அடிப்படை. அந்த அளவுகோலை எடுத்து நம் கூட்டங்களை அளந்து பாருங்கள். பாக்கு மட்டைத் தட்டில் சாப்பாடு போட்டுவிட்டு, தட்டு சப்ளை செய்தவருக்கு ஆறு மாதம் பணம் தராவிட்டால் அது எப்படிப் பசுமை நிகழ்ச்சி? தட்டு மட்கிவிடும். பாக்கி மட்காது.

சரி, என்னதான் செய்யச் சொல்கிறாய் என்கிறீர்களா? பெரிய காரியம் எதுவும் இல்லை.

ஒன்று: வருடத்தில் பாதிக் கூட்டத்தையாவது உறுப்பினர்களின் கடையிலோ பட்டறையிலோ ஆபீஸிலோ வையுங்கள். ஹால் வாடகை மிச்சம்.

இரண்டு: பேனர் வேண்டும் என்றால் தேதி போடாமல் துணியில் ஒன்று அடியுங்கள். அடுத்த வருடமும் உதவும். பொன்னாடை, நினைவுப் பரிசு, பொக்கே மூன்றையும் நிறுத்துங்கள். போர்த்திய சால்வையை அன்றைக்கே பீரோவில் வைத்து, அடுத்த விழாவில் வேறொருவருக்குப் போர்த்துகிறோம் என்பது நம் எல்லாருக்கும் தெரியும்.

மூன்று: மிச்சமான அந்தப் பணத்தில், மைக் கழற்றுவதற்கு முன்னால் மைக் செட்காரருக்கு செட்டில் செய்யுங்கள். பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் சமையல்காரருக்கு. ஸ்பான்சர் பணம் வரவில்லை என்பது உங்கள் பிரச்னை, அவருடையது இல்லை. ஸ்பான்சர் பணம் கைக்கு வராமல் தேதி குறிக்காதீர்கள்.

நான்கு: வருடா வருடம் 'சிறந்த தொழில்முனைவோர்' விருது கொடுக்கிறீர்களே, கூடவே இன்னொரு விருதும் கொடுங்கள். யார் சப்ளையர்களுக்கு மிகச் சீக்கிரம் பணம் கொடுக்கிறார் என்று. தேர்வு செய்வது சப்ளையர்களாக இருக்கட்டும். பல பெரிய மனிதர்கள் அன்றைக்கு வெளியூர் போய்விடுவார்கள் என்று நினைக்கிறேன்.

நான் தொழிலதிபர் இல்லை, இது எனக்கு எதற்கு என்று பக்கத்தைத் திருப்பப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் வீட்டில் கல்யாணம் நடந்ததே, பந்தல்காரருக்கு மீதி இருபதாயிரத்தை எப்போது கொடுத்தீர்கள்? உங்கள் குடியிருப்பில் பொங்கல் விழா வைத்தீர்களே, நாற்காலி வாடகை போயிற்றா? பிள்ளையின் பள்ளி ஆண்டு விழாவில் நடனத்துக்கு மேக்கப் போட்ட பெண் எத்தனை முறை நடந்தார்? பெரிய அமைப்புகள் செய்வதைத்தான் நாமும் சின்ன அளவில் செய்துகொண்டிருக்கிறோம். இவர்கள் சண்டைக்கு வரமாட்டார்கள் என்கிற தைரியம்.

அடுத்தமுறை இப்படி ஒரு கூட்டத்துக்கு அழைப்பு வந்தால் போங்கள். இட்லி நன்றாக இருக்கும், சாப்பிடுங்கள். வாசலில் பதிவு மேஜையில் பேட்ஜ் குத்திவிடும்போது, சிரித்த முகத்தோடு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்.

"போன கூட்டத்து மைக் செட்காரருக்கு செட்டில் பண்ணியாச்சுங்களா?"

பதில் சட்டென்று வந்தால் உள்ளே போய் தாராளமாகக் கார்டு கொடுங்கள். அது நல்ல இடம். மேஜையில் இருப்பவர் திரும்பிப் பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்த்தார் என்றால், உங்கள் கார்டு சட்டைப் பையிலேயே இருக்கட்டும்.